இதற்குக் கீழே ஓடாது

எந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்தாலும் அதை உருவாக்கியவர் தம் கையால் எழுதியது கொஞ்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் மற்றவர்கள் எழுதிப் பொதுவில் வைத்த லைப்ரரிகள். படத்தைச் சுருக்க ஒன்று, தேதியைக் கணக்கிட ஒன்று, இணையத்திலிருந்து தரவை வாங்க ஒன்று என்று அது அடுக்கிக்கொண்டே போகும். இவற்றை நிரலாளர்கள் டிபெண்டன்சி என்பார்கள். ஒவ்வொரு திட்டத்திலும் இவற்றைப் பட்டியலிடும் கோப்பு ஒன்று உண்டு. அதில் லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் “1.21 அல்லது அதற்கு மேல்” என்பது போல ஓர் எண் நிற்கும். அதுதான் குறைந்தபட்சப் பதிப்பு. அதைவிடப் பழையதை வைத்துக்கொண்டு இந்த மென்பொருள் ஓடாது, அதிலிருந்து மேலே எதை வைத்தாலும் ஓடும் என்று ஆசிரியர் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கைப் பல திட்டங்களில் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எண் அங்கே வந்து சேரும் விதமே அப்படி. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் புழங்கும் என்பிஎம் கருவியிடம் ஒரு லைப்ரரியைக் கேட்டால், அன்றைய தேதியில் கிடைக்கும் புதிய பதிப்பை இறக்கிவிட்டு, அதே எண்ணைக் குறைந்தபட்சம் என்று கோப்பில் தானே எழுதிவிடுகிறது. ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியும் அப்படித்தான். நிரலுக்கு உண்மையில் எது தேவை என்று அந்தக் கருவிகளுக்குத் தெரியாது. அன்றைக்கு எது புதிது என்பது மட்டும் தெரியும். பிறகு நிரல் வளர்கிறது. லைப்ரரியில் புதிதாக வந்த வசதிகளை ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்துகிறார். கோப்பில் உள்ள எண்ணை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஆரம்பத்தில் தேவைக்கு மேல் உயரமாக இருந்த எண், இரண்டு வருடத்தில் தேவைக்குக் கீழே போய்விடுகிறது.

இது வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம், நிறுவும் கருவிகள் எப்போதும் மேலே உள்ளதையே தேடிப் போவதுதான். “1.21 அல்லது அதற்கு மேல்” என்று எழுதியிருந்தாலும் ஆசிரியரின் கணினியிலும் சோதனைக் கணினியிலும் வந்து இறங்குவது கடைசியாக வெளிவந்த பதிப்பு. 1.21-ஐ வைத்து யாரும் ஓட்டுவதில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில், மூன்று வருடம் முன்பு நிறுவிய கணினியில், 1.21 அப்படியே இருக்கும். குட்டு அங்கேதான் உடைகிறது.

எண் தாழ்வாக இருந்தால் வாடிக்கையாளரிடம் மென்பொருள் உடையும். உயரமாக இருந்தால் உடையாது. ஆனால் பழைய கணினி வைத்திருப்பவர் காரணமில்லாமல் வெளியே நிறுத்தப்படுகிறார். அதே லைப்ரரியின் பழைய பதிப்போடு கட்டுண்ட இன்னொரு மென்பொருளோடு சேர்த்து நிறுவவும் முடியாமல் போகிறது. உயரமாக வைத்த ஆசிரியருக்கு யாரும் புகார் எழுதுவதில்லை என்பதால் அந்தத் தவறு நீண்ட நாள் நிற்கும்.

எண்ணைத் தேடும் முன் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பதிப்பெண் என்பது தசம எண் அல்ல. 3.9-க்கு அடுத்தது 3.10; அது 3.1-ஐவிட ஒன்பது படி மேலே இருக்கிறது. 2021 அக்டோபரில் பைதான் 3.10 வெளிவந்தபோது தானியங்கிச் சோதனைக்கான அமைப்புக் கோப்புகள் பலவற்றில் இதுவே தகராறு செய்தது. 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், கோப்பைப் படிக்கும் நிரல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசியில் உள்ள சுழியத்தைத் தள்ளிவிட்டு, 2009-இல் வந்த 3.1-ஐத் தேடப் போய்விடும். இரண்டு மேற்கோள் குறி போட்டால் சரியாகிவிடும்.

கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த செம்வெர் என்னும் முறைதான் இன்று பரவலாக வழங்குகிறது. மூன்று எண்கள். பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் என்றால் முதல் எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்ந்தால் நடு எண் ஏறும். பிழை திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் லைப்ரரியில் குறைந்தபட்சம் பெரும்பாலும் நடு எண்ணில்தான் வந்து நிற்க வேண்டும். “1.21.3 அல்லது அதற்கு மேல்” என்று ஒரு பட்டியல் சொன்னால், அந்த மூன்றாவது திருத்தத்தில் ஆசிரியருக்குத் தேவையான ஏதோ ஒரு பிழை சரி செய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அன்று கணினியில் இருந்த எண்ணைக் கருவி அப்படியே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம்.

கணக்கு என்னவோ எளியது. நிரல் பயன்படுத்தும் வசதிகள் ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பில் அறிமுகமானது என்று பார்க்க வேண்டும். அந்த எண்களில் பெரியது எதுவோ அதுவே குறைந்தபட்சம். நூறு வசதிகளில் தொண்ணூற்றொன்பது பத்து வருடப் பழசாக இருந்தாலும், போன வருடம் வந்த ஒன்று போதும், எண்ணை மேலே தூக்கிவிட.

பைதான் மொழியில் இதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சொற்றொடருக்குள் மதிப்புகளைப் பொதிக்கும் எஃப்-ஸ்ட்ரிங் 2016 டிசம்பரில் 3.6-உடன் வந்தது. ஒரு சொல்லின் முன்னொட்டை வெட்டும் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ 2020 அக்டோபரில் 3.9-உடன். பல வாய்ப்புகளைப் பிரித்துப் பார்க்கும் ‘மேட்ச்’ கட்டளை 3.10-உடன். கடைகளுக்குப் பில் போடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆசிரியர் எஃப்-ஸ்ட்ரிங்கை நினைத்துக் குறைந்தபட்சம் 3.6 என்று எழுதிவிட்டார். பிறகொரு நாள் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணிலிருந்து +91-ஐ நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸைச் சேர்த்தார். அவருடைய கணினியில் பைதான் 3.11 இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது. கடையில் இருப்பதோ உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதோடு வரும் பைதான் 3.8. அங்கே நிரல் திறக்கும், பட்டியல் தெரியும், பில்லும் அச்சாகும். முதல் தொலைபேசி எண்ணைப் பதிந்த உடனே, ‘இந்த வகைக்கு அப்படியொரு பண்பு கிடையாது’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அவர் மேட்ச் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் இந்த ஒளிவு மறைவே இருந்திருக்காது. அது மொழியின் இலக்கணத்தைச் சேர்ந்தது. பழைய பைதான் அந்தக் கோப்பைப் படிக்கும்போதே தொடரியல் பிழை என்று சொல்லி முதல் நொடியில் மறுத்துவிடும். இலக்கணப் புதுமைகள் வாசலிலேயே அகப்படுகின்றன. லைப்ரரிப் புதுமைகள் அந்த வரி ஓடும்வரை பதுங்கியிருக்கின்றன. பதுங்கியிருப்பவற்றைத் தேடத்தான் நிரலை ஓட்டாமல் வாசித்து மட்டுமே எண்ணைச் சொல்லும் கருவிகள் உள்ளன. பைதானுக்கு வெர்மின் என்று ஒன்று இருக்கிறது. பெர்ல் மொழிக்கு அதற்கும் முன்பே இப்படியொரு கருவி இருந்தது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோருக்கு எழுதும்போதே எச்சரிக்கை வரும்: அறிவித்த குறைந்தபட்ச ஆண்ட்ராய்டில் இல்லாத வசதியைத் தொட்டால் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். பிளே ஸ்டோரில் ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்ற வரியைப் பார்த்தவர்களில் பலர் சந்தித்தது இந்தக் குறைந்தபட்ச எண்ணைத்தான்.

கோடு விழுந்தால் எண்ணை ஏற்றியே ஆக வேண்டும் என்றில்லை. புதிய வசதி இருக்கிறதா என்று ஓடும்போதே கேட்டு, இருந்தால் அதையும் இல்லாவிட்டால் பழைய வழியையும் எடுக்கச் சொல்லலாம். டாம்ல் வகை அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் வசதி பைதானுக்குள் 3.11-இல்தான் வந்தது. அதற்கு முன்பே டாம்லி என்ற தனி லைப்ரரி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தால் உள்ளே, இல்லையென்றால் டாம்லி என்று நான்கு வரி எழுதினால் மூன்று நான்கு பழைய பைதான்களுக்கு இடம் கிடைக்கிறது. அந்த நான்கு வரியை வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும் என்பதுதான் அதன் விலை. இரண்டு பாதை என்றால் சோதனையும் இரண்டு.

வாசித்துச் சொல்லும் கருவிகளுக்கு எட்டாத இடமும் உண்டு. தமிழில் முந்திரி, காணி, மா என்று பின்னங்களுக்குத் தனிக் குறிகள் இருந்தன. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. இந்தக் குறிகளும் பழைய அளவை, கணக்குக் குறிகளுமாக 51 வடிவங்கள் 2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12.0-இல் சேர்க்கப்பட்டன. பைதானில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் யூனிகோட் பெயரைச் சொல்லும் சிறு செயற்கூறு பல காலமாக இருக்கிறது. பழைய கல்வெட்டுக் கணக்குகளைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று முந்திரிக் குறியை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பைதான் 3.7-க்குள் இருப்பது யூனிகோட் 11-இன் அட்டவணை. அப்படியொரு பெயரே இல்லை என்று பிழை எழுப்பும். 2019 அக்டோபரில் வந்த 3.8-க்குள் இருப்பது 12.1, பெயர் வந்துவிடும். செயற்கூறு அதே, அழைக்கும் விதமும் அதே, உள்ளே இருக்கும் தரவு மட்டும் வேறு. வெர்மின் போன்ற கருவி இந்த நிரலை வாசித்துவிட்டு 3.7-இலும் அதற்குக் கீழும் ஓடும் என்றே சொல்லும். இதற்கு விடை 3.8 என்பது ஓட்டிப் பார்த்தவருக்கும் வெளியீட்டுக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தவருக்கும்தான் தெரியும்.

இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரல்களில் கதை வேறு. அங்கே குறைந்தபட்சத்தை ஆசிரியர் எழுதுவதில்லை. நிரலைக் கட்டிய, அதாவது அப்படி மாற்றிய, கணினி எழுதிவிடுகிறது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லாமே சாய்ந்து நிற்கும் அடிப்படை லைப்ரரி ஜிலிப்சி. அதன் ஒவ்வொரு செயற்கூறுக்கும், அது அறிமுகமான பதிப்பைச் சொல்லும் ஒரு முத்திரை உண்டு. நிரலைக் கட்டும்போது அது அழைக்கும் செயற்கூறுகளின் முத்திரைகளும் நிரலுக்குள் பதிந்துவிடும். ஓட்டும் இடத்தில் அந்த முத்திரைகளில் ஒன்று இல்லாவிட்டாலும் நிரல் தொடங்காது.

முத்திரை எதற்கு என்பதை ‘மெம்காப்பி’ நன்றாகக் காட்டும். நினைவகத்தின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் மிகப் பழைய செயற்கூறு அது. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது விதி. ஆனால் படிந்தாலும் வெகு காலம் பாதகமில்லாமல்தான் ஓடியது. 2010-இல் வேகத்துக்காக நகலெடுக்கும் திசையை மாற்றினார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 14-இல் அடோபி ஃபிளாஷ் வழியாகக் கேட்ட ஒலி கரகரக்கத் தொடங்கியது. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. விதியைக் காட்டி ஃபிளாஷைக் குற்றம் சொன்னவர்களும், ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டவர்களுமாக நீண்ட வாதம் நடந்தது. லினக்ஸின் ஆசிரியர் லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டாவது அணியில் இருந்தார். கடைசியில் 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14, புதிய மெம்காப்பிக்கு 2.14 என்ற முத்திரையைக் கொடுத்து, பழைய முத்திரையோடு வரும் நிரல்களுக்குப் பழைய நடத்தையையே தந்தது. அதிலிருந்து ஒரு விளைவு: 2.14-க்குப் பிறகான 64 பிட் கணினியில் கட்டப்பட்டு மெம்காப்பியை அழைக்கும் நிரல், புதிய வசதி எதையுமே கேட்காவிட்டாலும், 2.14 இல்லாத இடத்தில் ஓடாது.

2021 ஆகஸ்டில் வந்த 2.34 இன்னும் ஒரு படி மேலே போனது. நிரல் தொடங்கும் இடத்தில் அழைக்கப்படும் செயற்கூறுக்கே புது முத்திரை கிடைத்தது. உபுண்டு 22.04-இல் வழக்கம்போலக் கட்டிய, வணக்கம் என்று மட்டும் திரையில் எழுதும் நிரலைக்கூட உபுண்டு 20.04-க்குக் கொண்டுபோனால் ‘2.34 கிடைக்கவில்லை’ என்ற செய்தி வரும். அங்கே இருப்பது 2.31. ஆகவே பல கணினிகளுக்குப் போக வேண்டிய நிரலை ஆகப் பழைய கணினியில் கட்டுவது வழக்கமாயிற்று. பைதான் சமூகம் 2016-இல் இதை ஒரு தரமாகவே எழுதி வைத்தது. மெனிலினக்ஸ் என்று பெயர். முதல் தரம் சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய லினக்ஸையும் அதன் ஜிலிப்சி 2.5-ஐயும் அடித்தளமாகக் கொண்டது. பின்னர் சென்ட்ஓஎஸ் 7, அதன் 2.17. கட்டிய கோப்பில் அதைவிடப் புதிய முத்திரை ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி இருக்கிறது.

அடித்தளத்தை உயர்த்தினால் சத்தம் கேட்கும். 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட், தொலைவிலுள்ள சர்வரோடு இணைந்து வேலை செய்ய அந்த சர்வரில் ஜிலிப்சி 2.28 வேண்டும் என்றது. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27. ஒரே ஒரு படி குறை. சர்வரை மாற்றும் அதிகாரம் இல்லாத பல்கலைக்கழக, அலுவலகப் பயனர்கள் காலையில் எழுந்து பார்த்தால் வேலை செய்ய வழியில்லை. சில நாட்களில் வந்த 1.86.1, பழைய சர்வர்களுக்கு மேலும் ஒரு வருட அவகாசம் கொடுத்தது.

குறைந்தபட்சத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏறக்குறைய முழுக்க இயந்திரத்திடம் ஒப்படைத்தது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அதன் லைப்ரரிப் பொதிகளோடு ஒரு குறியீட்டுப் பட்டியலும் வரும்: எந்தச் செயற்கூறு எந்தப் பதிப்பில் முதலில் தோன்றியது என்று வரி வரியாக. ஒரு நிரலைப் பொதியாக்கும்போது அது உண்மையில் அழைக்கும் செயற்கூறுகளை மட்டும் கருவி பொறுக்கி, பட்டியலில் பார்த்து, பெரிய எண்ணைக் குறைந்தபட்சமாக எழுதிவிடுகிறது. அதற்கு முந்தைய முறையில் லைப்ரரிக்கு மொத்தமாக ஒரே எண்தான். புதிய செயற்கூறு ஒன்று சேர்ந்தால் அதைத் தொடாத நிரலும் புதிய லைப்ரரியைக் கேட்கும். உபுண்டுவும், சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தவையே. இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பட்டியல் பெயரைத்தான் அறியும், நடத்தையை அறியாது. பழைய செயற்கூறு புதிதாக ஒரு விருப்பத்தை ஏற்கத் தொடங்கினால், பராமரிப்பவர் நினைவு வைத்துக் கையால் எண்ணை ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் கிடைக்காத இடத்தில் இருக்கவே இருக்கிறது, ஓட்டிப் பார்ப்பது. எல்லாப் பதிப்புகளையும் ஓட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒன்றை எடுத்து, ஓடினால் கீழ்ப்பாதியிலும் ஓடாவிட்டால் மேல்பாதியிலும் தேடினால் போதும். ரஸ்ட் மொழியில் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2021 அக்டோபரின் 1.56-இலிருந்து 2025 பிப்ரவரியின் 1.85 வரை முப்பது பதிப்புகள். ஐந்து முறை ஓட்டினால் எல்லை அகப்பட்டுவிடும். கார்கோ-எம்எஸ்ஆர்வி என்ற கருவி இதைத் தானாகவே செய்கிறது.

பாதியாகப் பிரிக்கும் முறை ஒன்றை நம்பி நிற்கிறது: ஓரிடத்தில் ஓடினால் அதற்கு மேலே எல்லாம் ஓடும், ஓடாவிட்டால் அதற்குக் கீழே எதுவும் ஓடாது. மென்பொருள் இதை மதிப்பதில்லை. 2014 ஏப்ரலில் உலகைக் கலக்கிய ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1-இல் நுழைந்து 1.0.1எஃப் வரை இருந்தது, 1.0.1ஜி-யில் அடைக்கப்பட்டது. அதைவிடப் பழைய 1.0.0-இலும் 0.9.8-இலும் அந்த ஓட்டையே கிடையாது. ‘ஹார்ட்பிளீட் இல்லாத குறைந்தபட்சப் பதிப்பு எது’ என்று பாதி பாதியாகத் தேடினால், எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இடையில் கெட்டுப் பிறகு தேறிய பதிப்புகளைத் தனியே விலக்கி எழுத வேண்டும், ‘1.0.1ஜி அல்லது மேல்’ என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது.

ஓட்டிப் பார்ப்பதன் தரம் சோதனைகளின் தரம்தான். பில் நிரலின் சோதனைகள் தொலைபேசி எண் பதியும் வரியைத் தொடவில்லை என்றால் 3.8-இலும் எல்லாம் தேர்ச்சி என்றே வரும்.

ஒருமுறை கண்டுபிடித்த எண் மறுபடி பழசாகாமல் இருக்க, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கீழ் எல்லையிலும் சோதிக்க வேண்டும். 2024-இல் வந்த யூவி என்ற பைதான் கருவியிடம் புதியதை அல்ல, அனுமதித்ததில் ஆகப் பழையதை நிறுவு என்று கேட்கலாம். கார்கோவிலும் சோதனை வசதியாக அது இருக்கிறது. ஆனால் அதை முதல்முறை ஓட்டும் பல திட்டங்களில் உடைவது சொந்த நிரல் அல்ல. லைப்ரரிக்கும் லைப்ரரிகள் உண்டு, அவற்றுக்கும் உண்டு. அந்த ஆழத்தில் யாரோ ஒருவர் பத்து வருடம் முன்பு ‘1.0 அல்லது மேல்’ என்று போகிற போக்கில் எழுதியிருப்பார். அந்த 1.0, இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் இன்றைய கம்பைலரில் ஏறவே ஏறாது. அதனால் நேரடி லைப்ரரிகளை மட்டும் பழையதாகவும் மற்றவற்றைப் புதியதாகவும் எடுக்கும் இரண்டாவது வழியை இரு கருவிகளும் தருகின்றன. நடைமுறையில் உருப்படியானது அதுதான்.

பழைய லைப்ரரியைப் புதிய பைதானில் சோதிப்பதும் வீண் வேலை. கணித லைப்ரரியான நம்பையின் 1.21, 2021-இல் வந்தது. பைதான் 3.12 வந்தது 2023 அக்டோபரில். பழைய லைப்ரரிகளைக் கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் பகுதி அதில் நீக்கப்பட்டுவிட்டது. 3.12-க்கு ஆதரவளித்த முதல் நம்பை 1.26. ஆகவே ஒரே திட்டத்தின் குறைந்தபட்ச நம்பை, பைதான் 3.9-இல் 1.21 ஆகவும் 3.12-இல் 1.26 ஆகவும் இருக்கலாம். பட்டியலில் அதை நிபந்தனையோடு இரண்டு வரியாக எழுதுவார்கள்.

கூகுளின் கோ மொழி இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. 2018-இல் ரஸ் காக்ஸ் முன்வைத்த வழி அது. அந்த ஆகஸ்டில் வந்த 1.11-இல் முன்னோட்டமாகச் சேர்ந்தது. ஒரு திட்டத்தில் இரண்டு பகுதிகள் ஒரே லைப்ரரியைக் கேட்கின்றன: ஒன்று 1.2 போதும் என்கிறது, மற்றது 1.4 வேண்டும் என்கிறது, சந்தையில் 1.9 வரை வந்துவிட்டது. மற்றக் கருவிகள் 1.9-ஐ எடுக்கும். கோ எடுப்பது 1.4-ஐ. கேட்ட குறைந்தபட்சங்களில் பெரியது எதுவோ அது, அதற்கு மேல் ஒரு படியும் இல்லை. இதனால் ஆசிரியர் தம் கணினியில் ஓட்டுவதே அந்தக் குறைந்தபட்சத்தோடுதான். எண் பொய்யானால் முதலில் உடைவது அவரிடமே. சோதனை என்று தனியாக ஒன்று வைக்காமலேயே எண் ஓரளவு நேர்மையாக இருந்துவிடுகிறது. புதிய திருத்தங்கள் தாமாக வந்து சேராது, யாராவது எண்ணை ஏற்றினால்தான் வரும் என்பது மறுபக்கம்.

திருத்தம் என்றதும் பாதுகாப்பு வருகிறது. ஜாவா நிரல்களில் பரவலாக இருந்த லாக்ஃபோர்ஜே லைப்ரரியில் 2021 டிசம்பரில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. 2.15.0 அதை அடைத்தது என்றார்கள், போதவில்லை. 2.16.0 வந்தது, 2.17.0 வந்தது, அந்த மாதம் முடிவதற்குள் 2.17.1-உம் வந்தது. அந்தச் சில வாரங்களில் குறைந்தபட்சம் என்ற எண்ணை நிறுவனங்கள் திரும்பத் திரும்பத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஓடுவதற்குத் தேவையான எண்ணும் பாதுகாப்பாக ஓடுவதற்குத் தேவையான எண்ணும் இரு வேறு எண்கள். ஒரே வரியில் இரண்டையும் கலந்தால், பின்னால் வருபவருக்கு அந்த எண் எதற்காக ஏறியது என்று தெரியாது. பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதி வைக்கும் திட்டங்கள் குறைவு.

பதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை அளப்பதும் ஏமாற்றும். ஹார்ட்பிளீட் வந்தபோது டெபியன் 7 தன்னிடமிருந்த 1.0.1இ-யை விட்டு நகரவில்லை. திருத்தத்தை மட்டும் அதற்குள் ஒட்டி, பொதியின் பின்னொட்டை மாற்றி வெளியிட்டது. எண் பழசு, உள்ளே ஓட்டை இல்லை. எதிர்த்திசைக்கும் உதாரணம் இருக்கிறது: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் லைப்ரரியில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளக்கதவு இருந்தது அப்போதைய ஆகப் புதிய 5.6.0-இலும் 5.6.1-இலும், பழையதை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

ஓடும் எல்லை எதுவென்று தெரிந்த பிறகும் எதை அறிவிப்பது என்ற கேள்வி மிச்சம். அது கணக்கு அல்ல, முடிவு. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, 2019-இல் பைதான் 3.6-ஐ அடிப்படையாக வைத்து வந்தது. அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. பைதான் அமைப்போ 3.6-ஐ 2021 டிசம்பரிலேயே கைவிட்டுவிட்டது. எந்தத் தேதியை லைப்ரரி ஆசிரியர் மதிப்பது? அறிவியல் பைதான் லைப்ரரிகள் கூடி ஒரு பொது வழக்கத்தை எழுதியுள்ளன: பைதான் பதிப்பு வெளிவந்து மூன்று வருடம், முக்கிய லைப்ரரிகள் வெளிவந்து இரண்டு வருடம், அதன் பிறகு ஆதரவை நிறுத்தலாம். ரஸ்ட் உலகில் பலர் டெபியனைப் பார்க்கிறார்கள். டெபியன் 12-இல் உள்ளது ரஸ்ட் 1.63 என்பதால், அதுவே பல லைப்ரரிகளின் அடிமட்டமாயிற்று.

எண்ணை ஏற்றுவதால் கிடைக்கும் பலன் சில சமயம் பெரிது. லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்தைக் கட்டத் தேவையான ஜிசிசி கம்பைலரின் குறைந்தபட்சம் 2018-இல் 4.6 ஆக உயர்ந்தது, 2021-இல் 5.1. அடுத்த வருடமே கருவகம் 1989-ஆம் ஆண்டின் சி இலக்கணத்தை விட்டு 2011-இன் இலக்கணத்துக்கு மாறியது. பழைய கம்பைலர்களைத் தாங்கிக்கொண்டிருந்தவரை அது நடந்திருக்காது.

அறிவித்த எண்ணை நிறுவும் கருவி படித்தால்தான் பயன். எந்தப் பைதான் தேவை என்று லைப்ரரி சொல்லும் வரியை, பைதானின் நிறுவும் கருவியான பிப், 2016 நவம்பரில் வந்த 9.0-இலிருந்து மதிக்கத் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் ஐபைதான் என்ற லைப்ரரியின் 6.0, பைதான் 2-ஐக் கைவிட்டு வெளிவந்தபோது, புதிய பிப் வைத்திருந்த பைதான் 2 பயனர்களுக்கு 5-ஆம் வரிசைப் பதிப்பு அமைதியாக வந்து இறங்கியது. இன்றும் அதே ஏற்பாடுதான். நம்பை வேண்டும் என்று மட்டும் கேட்டால், பைதான் 3.8 வைத்திருப்பவருக்கு 1.24.4 வரும், 3.9-க்கு 2.0.2, 3.10-க்கு 2.2.6.

இதில் ஒரு பொறி உண்டு. பைதான் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் ஏறிய பதிப்பின் விவரங்களைப் பிறகு திருத்த முடியாது. ஒரு லைப்ரரியின் 5.0-இல் குறைந்தபட்சப் பைதானை 3.9 ஆக ஏற்ற மறந்துவிட்டு, தவறு தெரிந்து 5.1-இல் ஏற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 3.8 வைத்திருப்பவரின் பிப் 5.1-ஐப் பார்க்கும், பொருந்தாது என்று ஒதுக்கும், அடுத்ததாக 5.0-ஐ எடுக்கும். அதன் விவரத்தில் தடை எதுவும் இல்லை என்பதால் நிறுவிவிடும், ஓட்டும்போது உடையும். சரியான 5.1 வந்த பிறகும் தவறான 5.0-தான் அவருக்குக் கிடைக்கிறது. 2019-இல் ஏற்பட்ட ‘யாங்க்’ என்ற வழி இதற்குத்தான் உதவும்: 5.0-ஐ அழிக்காமல், அதையே எண் சொல்லிக் கேட்பவரைத் தவிர மற்றவர்களுக்குத் தராதே என்று குறித்துவிடுவது. அதைச் செய்த பிறகே பிப் இன்னும் ஒரு படி இறங்கி, 3.8-இல் உண்மையாகவே ஓடும் 4-ஆம் வரிசையின் கடைசிப் பதிப்பைப் போய் எடுக்கும்.